காற்றும் கொள்கையும்: வடபுலக் காற்றுவலுவின் வளர்ச்சியை நிர்ணயித்த பொருளாதார, அரசியற் காரணிகள்

இயற்கை வளம் ஒன்று ஓரிடத்தில் நிறைந்திருத்தல் வேறு. அவ்வளம் அவ்விடத்து மக்களுக்குப் பயன்படுபொருளாக மாறுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே விலை, வட்டி, சட்டம், மின்வழி, நில உரிமை, அயல்நாட்டுறவு எனப் பல வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று அடைபட்டிருப்பினும் வளம் வளமாகவே கிடக்கும். மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காற்றின் வேகத்தையும் வெயிலின் செறிவையும் கணக்கிடுவதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரே வகைக் காற்று வீசும் இரு பிரதேசங்களுள் ஒன்றில் ஆயிரக்கணக்கான சுழலிகள் எழுந்து நிற்கவும், மற்றையதில் அவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருக்கவும் காரணம் யாது என்னும் வினாவுக்கு அக்கணக்கு விடை தருவதில்லை. இக்கட்டுரையில் இலங்கையின் வடபுலத்தையும் வடமேற்குக் கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாவினை ஆராய முற்படுகின்றோம்.

1. வளத்தின் இயல்பு

எமது கடலோடிகள் காற்றை அதன் திசையறிந்து பெயரிட்டழைத்தனர். தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வடகிழக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவற்றுள் மின்பிறப்பாக்கத்துக்கு மிகவும் உகந்தது, வைகாசி முதற் புரட்டாதி வரை வலுவுடன் வீசும் சோளகமே. மார்கழி, தை மாதங்களில் வாடையும் ஓரளவு பயன்தரும். இடைப்பட்ட காலங்களிற் காற்று தளர்ந்துவிடும்.

காற்றிலிருந்து பெறத்தக்க வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு விகிதசமமானது என்பது பௌதிகவியல் கூறும் உண்மை. செக்கனுக்கு 6 மீற்றர் வேகமுடைய காற்றுடன் ஒப்பிடுமிடத்து, 8 மீற்றர் வேகமுடைய காற்று ஏறத்தாழ 2.4 மடங்கு வலுவினை உடையது. வேகத்தில் மூன்றிலொரு பங்கு அதிகரிப்பு வலுவை இருமடங்குக்கும் மேலாக உயர்த்துகின்றது. எனவே, சிறிதளவு கூடிய காற்று வீசும் கரையோரப் பட்டியொன்று பொருளாதார நோக்கிற் பெரும் மதிப்புடையதாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கையின் காற்றுவள வரைபடம், கற்பிட்டி முதல் மன்னார்த் தீவு வரையான வடமேற்குக் கரையினையும், யாழ்ப்பாணக் குடாநாட்டினையும், மத்திய மலைநாட்டின் சில பகுதிகளையும் சிறந்த வளமுடைய இடங்களாகக் காட்டிற்று. நல்ல காற்றுள்ள நிலப்பரப்பில் மாத்திரம் ஏறத்தாழ 20,000 மெகாவாற்று வலுவுக்கு இடமுண்டு எனவும் அது மதிப்பிட்டது. நிலப்பயன்பாடு, காடு, குடியிருப்பு ஆகியவற்றை விலக்கி நோக்கின் இத்தொகை பெரிதும் குறையும் என்பது உண்மையே. எனினும், வளம் போதாமையே வளர்ச்சிக்குத் தடை என்று எவரும் கூறவியலாது என்பதற்கு இத்தொகை போதிய சான்றாகும்.

2. நீர்மின்னின் பாரம்பரியம்

காற்றுவலுவின் தாமதத்தை விளங்கிக்கொள்வதற்கு, அதற்கு முன் நாட்டின் மின்துறை சென்ற வழியினை நோக்குதல் வேண்டும். இலங்கையின் ஆறுகளிலிருந்து மின்னைப் பெறலாம் என்பதனைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட லக்சபானா நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கிய ஆண்டு 1950. இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளிலும் நீர் வீழ்ந்துகொண்டுதான் இருந்தது. முதலீடு செய்வதற்கான துணிவே வேறு காரணங்களாற் பின்தங்கியது. இன்றும் யாழ்ப்பாணத்து முதியோர் தேசிய வலைப்பின்னல் வழியாக வரும் மின்னை 'லக்சபானா' என்றே குறிப்பிடுவர்.

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. 1977ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தையடுத்து விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பாரிய அணைகள் எழுந்தன. விக்ரோறியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும் உதவின. 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்னுக்கு ஆறுகளே பெரும் ஆதாரமாயிருந்தன. அவ்வகையில் இலங்கை, 'மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி' என்னும் தொடர் பரவுவதற்கு முன்னரே அதனை நம்பி வாழ்ந்த நாடாகும்.

இவ்வரலாறு இரு படிப்பினைகளைத் தருகின்றது. முதலாவது, வெளிநாட்டுச் சலுகைக் கடன் கிடைத்த இடத்திலேயே வளம் வளர்ச்சியாயிற்று என்பது. இரண்டாவது, வளம் உள்ள பிரதேசத்துக்கு அதன் பயன் தானாகச் சென்று சேர்வதில்லை என்பது. நீரைத் தேக்கிய மலைகளின் அடிவாரத்துத் தோட்ட லயன்களுட் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே இரவைக் கழித்தன. வடபுலக் காற்றினைப் பற்றி ஆராயும்போது இவ்விரண்டாவது படிப்பினையை நாம் மறத்தலாகாது.

1996ஆம் ஆண்டின் கடும் வரட்சி நீர்மின்னின் வரையறையை வெளிப்படுத்தியது. நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நாட்டை இருளில் ஆழ்த்திற்று. அதன் பின்னர் எண்ணெயும், நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை மூன்று கட்டங்களாக எழுந்த 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமும் இடைவெளியை நிரப்பின. அதே காலத்திலேயே, தனியார் சிறு மின்னிலையங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது.

3. விலையும் வட்டியும்

காற்றாலைக்கு எரிபொருட் செலவில்லை. அதன் செலவு முழுவதும் தொடக்கத்திலேயே, மூலதனமாக, ஏற்பட்டுவிடுகின்றது. ஆதலின், எண்ணெய் நிலையத்தின் தலைவிதியை எண்ணெய் விலை தீர்மானிப்பதுபோலக் காற்றாலையின் தலைவிதியை வட்டி தீர்மானிக்கின்றது. ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். 100 கோடி ரூபா கடன் பெற்று நிறுவப்படும் காற்றாலை ஒன்று அக்கடனை 20 ஆண்டுகளிற் சமதவணைகளில் இறுக்கவேண்டியுள்ளது என்று கொள்வோம். வட்டி வீதம் 6 ஆயின் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 8.7 கோடி ரூபா. வட்டி வீதம் 12 ஆயின் அது 13.4 கோடி ரூபாவாக உயரும். அதே சுழலி, அதே காற்று, அதே மின். ஆயினும், ஓரலகின் விலையில் ஐம்பது சதவீதத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு தோன்றுகின்றது. வறிய நாடு வட்டியை மிகுதியாகக் கொடுக்கின்றது; ஆகவே வறிய நாட்டின் காற்று விலைகூடிய காற்றாகின்றது. நாணயப் பெறுமதி வீழுமாயின், டொலரிற் பெற்ற கடனின் சுமை மேலும் கூடும்.

இந்த இடர்ப்பாட்டினைத் தணிக்கும் கருவியே நீண்டகால மின்கொள்வனவு ஒப்பந்தம். 1990களின் பிற்பகுதியில் இலங்கை மின்சார சபை, 10 மெகாவாற்றுக்கு மேற்படாத நிலையங்களுக்கென ஒரே வடிவான நியம ஒப்பந்தத்தினை அறிமுகஞ்செய்தது. கொடுக்கப்படும் விலை, அம்மின்னைப் பெறாதிருப்பின் சபை எண்ணெய்க்குச் செலவிட்டிருக்கும் தொகையை அடிப்படையாகக் கொண்டது. தவிர்க்கப்பட்ட செலவு என்பது அதன் பெயர். உலக வங்கியின் கடனுதவியும் சேர்ந்துகொள்ள, மலைநாட்டுச் சிற்றாறுகளிற் சிறு நீர்மின் நிலையங்கள் பெருகின. ஒவ்வொருவரும் தனித்தனியே பேரம் பேசவேண்டிய தேவை நீங்கியமையே இவ்வெற்றியின் இரகசியம்.

எனினும், இம்முறையில் ஒரு முரண் இருந்தது. எண்ணெய்க்கு மாற்றாக வந்த சக்தியின் விலை எண்ணெய் விலையுடனேயே பிணைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் மலிந்தபோது சிற்றாலைகளின் வருவாயும் மெலிந்தது. அன்றியும், நீர்மின்னுக்குப் போதுமாயிருந்த விலை, மூலதனம் மிகுந்த காற்றாலைக்குப் போதவில்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை நிறுவப்பட்டதனையடுத்து, ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் செலவுக்கும் ஏற்ற தனித்தனி விலைகள் வகுக்கப்பட்டன. இதன் விளைவு உடனடியாகத் தெரிந்தது. 1999ஆம் ஆண்டில் மின்சார சபை அம்பாந்தோட்டையில் நிறுவிய 3 மெகாவாற்றுப் பரிசோதனை ஆலைக்குப் பின் பத்தாண்டுகளாகப் புதிய பெருங்காற்றாலை ஏதும் எழாதிருந்த நாட்டில், 2010ஆம் ஆண்டு முதற் புத்தளம் மாவட்டத்து முகத்துவாரக் கரைகளிற் சுழலிகள் நிரைநிரையாக எழுந்தன. அக்கரையின் காற்று 1999இலும் 2010இலும் ஒன்றே, மாறியது விலைவிதி.

2013ஆம் ஆண்டில் விதி மீண்டும் மாறிற்று. மின்சாரச் சட்டத் திருத்தம் கேள்விப்பத்திரப் போட்டி வழியாக மிகக் குறைந்த விலைக்கே புதிய வலு கொள்வனவு செய்யப்படவேண்டும் என்பதனை வலியுறுத்தியது. பொதுப்பணத்தைக் காக்கும் நோக்கில் இது நன்றே. ஆயின், கேள்விப்பத்திரம் கோருவதற்கான ஒழுங்குகள் விரைந்து அமையாமையால், பழைய வழி அடைபட்டு, புதிய வழி முழுதாகத் திறவாத இடைக்காலம் ஒன்று தோன்றிற்று. கொள்கை நல்லதா தீயதா என்பதைப் போலவே, அது நிலையானதா என்பதும் முதலீட்டுக்கு முக்கியமானது என்பதனை இது காட்டுகின்றது.

விலையின் மறுபக்கம் பாவனையாளரின் கட்டணமாகும். 2014ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு ஆவணி வரை மின்கட்டணம் அரசியற் காரணங்களால் உயர்த்தப்படாதிருந்தது. செலவுக்குக் கீழான விலையில் மின்னை விற்ற சபை, தனியார் உற்பத்தியாளருக்குரிய கொடுப்பனவுகளைத் தாமதித்தது. 2022ஆம் ஆண்டு சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடன் மீளளிப்பினை நிறுத்திய வேளையில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்த அனுபவத்தினை வாசகர் அறிவர். எண்ணெய் வாங்க டொலர் இல்லாத அந்நாட்களிலும் மன்னாரிற் காற்று வீசிற்று. உள்நாட்டுச் சக்தி என்பது சூழல் பற்றிய விடயம் மாத்திரமன்று, அந்நியச் செலாவணி பற்றிய விடயமுமாகும் என்பதனை அந்நெருக்கடி உணர்த்தியது.

4. மின்வழி என்னும் அரசியல்

காற்றாலையை நிறுவிவிட்டால் மின் ஊருக்கு வந்துவிடாது. அதனைக் கொண்டுசெல்ல உயரழுத்த மின்வழியும், அதனை ஏற்க உபமின்னிலையமும் வேண்டும். வடபுலத்தைப் பொறுத்தவரை இதுவே பல்லாண்டுகள் பூட்டிய கதவாயிருந்தது. போர் மூண்ட காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்டது. வீடுகள் இருளில் மூழ்கின. பின்னர்ச் சுன்னாகத்தில் எரியெண்ணெய்ப் பிறப்பாக்கிகள் குறைந்தளவு மின்னை வழங்கின. அப்பகுதி நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. காற்று இலவசமாக வீசிய நிலத்தில், தொலைவிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் எரிக்கப்பட்டு, குடிநீரும் மாசுற்றது. வளத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான தொலைவினை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் உயரழுத்த மின்வழி வெளிநாட்டுக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டளவில் குடாநாடு வலைப்பின்னலுடன் இணைந்தது. அடுத்த ஆண்டிலேயே பளைப் பிரதேசத்திற் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் தலா 10 மெகாவாற்றுக் காற்றாலைகள் இரண்டு இயங்கத் தொடங்கின. மின்வழி முதலில், காற்றாலை பின்னர் என்னும் இவ்வொழுங்கு தற்செயலானதன்று.

மன்னாரின் கதையும் இத்தகையதே. மன்னாரினை வவுனியாவுடன் இணைக்கும் உயரழுத்த வழி ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைக்கப்பட்டது. அதன்பின், அவ்வங்கியின் 20 கோடி டொலர்க் கடனுடன், தீவின் தென்கரையில் 30 சுழலிகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று 'தம்பபவனி' காற்றாலை மின்சார சபையின் உடைமையாக எழுந்தது. 2020ஆம் ஆண்டு மார்கழியில் அது திறந்துவைக்கப்பட்டது. தனியார் துறை பத்துப் பத்து மெகாவாற்றாக நகர்ந்துகொண்டிருந்த நாட்டில், அரசு சலுகைக் கடனைப் பெற்று ஒரே தடவையில் நூறு மெகாவாற்றினைத் தாண்டியமை கவனிக்கத்தக்கது. அரச உடைமையா தனியார் உடைமையா என்பதனை விட, மலிவான மூலதனம் எவருக்குக் கிடைக்கின்றது என்பதே இங்கு தீர்க்கமான காரணியாயிற்று.

5. பாக்கு நீரிணையும் வல்லரசுகளும்

வடபுலத்தின் இட அமைவு மற்றொரு காரணியையும் தோற்றுவிக்கின்றது. தேசிய வலைப்பின்னலுடன் இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரியன், மின்கலம் ஆகியன இணைந்த கலப்பு மின்தொகுதிகளை நிறுவ ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியிற் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021ஆம் ஆண்டு தை மாதத்தில் அமைச்சரவை அதனைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கிற்று. தமிழகக் கரைக்கு அணித்தாயுள்ள தீவுகளிற் சீன நிறுவனம் காலூன்றுவதனை இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு மார்கழியில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணங்காட்டித் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 பங்குனியில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 பங்குனியில், ஏறத்தாழ 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையிற் பணியை மேற்கொள்ள இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 530 கிலோவாற்றுக் காற்றுவலு, 1,700 கிலோவாற்றுச் சூரியவலு, 2,400 கிலோவாற்று மணி மின்கலம், 2,500 கிலோவாற்று மாற்று டீசல் என்பன அதன் அளவுகள்.

கடன் நன்கொடையாக மாறியமை நாட்டுக்கு இலாபமே. ஆனால், முதல் ஒப்பந்தத்துக்கும் இரண்டாம் ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் கடந்தன. அம்மூன்றாண்டுகளும் தீவுமக்கள் டீசல் மின்னிலேயே தங்கியிருந்தனர். வல்லரசுகளின் போட்டி சில சில்லாயிரம் மக்களின் விளக்குகளையும் எட்டித்தொடும் என்பது இதனாற் புலனாகும்.

மன்னாரிலும் பூநகரியிலும் இந்தியாவின் அதானிக் குழுமம் மேற்கொள்ளவிருந்த திட்டம் இதனினும் பெரியது. 484 மெகாவாற்று வலுவும் 44.2 கோடி டொலர் முதலீடும் கொண்ட அத்திட்டம் கேள்விப்பத்திரப் போட்டியின்றி முன்வைக்கப்பட்டமை கடும் விவாதத்தைக் கிளப்பிற்று. 2022 ஆனியிற் பாராளுமன்றக் குழு முன் இது பற்றி மின்சார சபையின் அப்போதைய தலைவர் கூறிய கூற்றும், அதனை அவர் மீளப்பெற்றுப் பதவி விலகியமையும் யாவரும் அறிந்தன. அதே மாதத்தில், போட்டி நிபந்தனையைத் தளர்த்தும் சட்டத்திருத்தம் நிறைவேறிற்று. 2024 வைகாசியில் ஓரலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என இருபதாண்டுக்கான விலையை அமைச்சரவை அங்கீகரித்தது. உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. ஆட்சி மாறியபின் அவ்விலை மீளாய்வுக்கு உட்படுத்தப்பட்டது; 2025 பெப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவாற்றுக் காற்றாலைக்கெனக் கோரப்பட்ட கேள்விப்பத்திரத்தில் உள்நாட்டு நிறுவனமொன்று 4.65 சதத்துக்கு மின்னை வழங்க முன்வந்தது. இரு திட்டங்களின் பொறுப்புக்களும் பரிமாணங்களும் முற்றும் ஒன்றல்லவாயினும், போட்டியின் பயன் எத்தகையது என்பதனை இவ்விரு எண்களும் எடுத்துரைக்கின்றன.

6. நிலமும் மக்களும்

மன்னார்த் தீவு மணற்பாங்கான, தாழ்ந்த, ஒடுங்கிய நிலம். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் பயணப்பாதை அதன்மீது செல்கின்றது. அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக றாம்சார்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தம்பபவனியில், பறவைக்கூட்டம் அணுகுவதை அறியும் றேடார்ச் சாதனம் பொருத்தப்பட்டுள்ளது. மக்களின் கவலைகளோ பறவைகளோடு நின்றுவிடவில்லை. சுழலிகளுக்கான பாதைகளும் மேடைகளும் மழைநீர் வடிந்தோடும் வழிகளை மறித்து வெள்ளத்தைப் பெருக்குகின்றன என்பதும், கரையோரத் தொழில் பாதிக்கப்படுகின்றது என்பதும் அவர்களது முறைப்பாடுகள். 2025 ஆவணியில் மன்னாரில் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். புதிய காற்றாலைப் பணிகளை ஒருமாத காலம் நிறுத்திவைக்குமாறு சனாதிபதி பணித்தார்.

இப்போராட்டத்தினை முன்னேற்றத்துக்கு எதிரான அறியாமை என ஒதுக்குவதும், காற்றாலை யாவும் தீது என முடிவுகட்டுவதும் ஒருங்கே தவறாகும். இங்குள்ள அடிப்படைச் சிக்கல் பயனும் சுமையும் பகிரப்படும் முறையிலேயே உள்ளது. மன்னாரிற் பிறக்கும் மின் தேசிய வலைப்பின்னலிற் கலக்கின்றது. மன்னார்வாசி செலுத்தும் கட்டணமும் கொழும்புவாசி செலுத்தும் கட்டணமும் ஒன்றே. வருவாய் மின்சார சபைக்கு அல்லது நிறுவனத்துக்கு உரியது. மாறிய நிலத்தோற்றமும், பாதையும், இரைச்சலும் மாத்திரம் அவ்வூருக்கே உரியன.

சட்டத்தின் அமைப்பும் இதற்கொரு காரணம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் சக்தித்துறையினை மாகாண சபைகளின் நிரலிற் சேர்த்தது. ஆயினும், நீர்மின்னும் தேசிய வலைப்பின்னலுக்கு ஊட்டப்படும் மின்னும் அதிலிருந்து விலக்கப்பட்டன. ஆகவே, வலைப்பின்னலோடு இணைந்த எந்தக் காற்றாலையும் மாகாண அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. 2013ஆம் ஆண்டில் முதன்முறையாகத் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றபின், தேர்தல் நடைபெறாமையால், அப்பிரதேசத்தின் கருத்தை முறைப்படி எடுத்துரைக்கும் அவையும் இல்லாதாயிற்று. அவை இல்லாத இடத்தில் வீதியே அவையாவது இயல்பு.

7. வலைப்பின்னலின் தாங்குதிறன்

இன்னுமொரு தடையினையும் சுருக்கமாகக் குறிப்பிடவேண்டும். மின்னைப் பெருமளவிற் சேமித்தல் செலவுமிக்கது. பிறப்பாக்கமும் பாவனையும் கணந்தோறும் சமமாயிருத்தல் வேண்டும். பாரமான சுழலும் பொறிகள் தம் சடத்துவத்தால் வலைப்பின்னலின் அதிர்வெண்ணை நிலைநிறுத்துகின்றன; கூரைச் சூரியப்படலங்களுக்கு அவ்வியல்பு இல்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாவனை குறைந்த ஞாயிற்றுக்கிழமையொன்றில், பாணந்துறை உபமின்னிலையத்திற் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளிலாழ்த்தியது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைத் தொகுதிகளைப் பகல்வேளையில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. மின்கலம், நீரேற்றுச் சேமிப்பு, அயல்நாட்டு இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் இன்றி, 2030ஆம் ஆண்டில் மின்னின் 70 சதவீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல் என்னும் இலக்கு எட்டுதற்கரியது. இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் மின்வழி பற்றி 2010ஆம் ஆண்டில் உடன்படிக்கை கைச்சாத்தானபோதும், அது இதுவரை அமைக்கப்படவில்லை. ஆயினும், இயற்கை ஓர் உதவி புரிந்துள்ளது. சோளகம் வீசும் காலத்தில் வடபுலச் சுழலிகள் விரைந்து சுழல, மலைநாட்டு நீரை வரட்சிக் காலத்துக்கெனத் தேக்கிவைக்கலாம். காற்றும் நீரும் ஒன்றையொன்று தாங்கவல்லன.

8. ஒப்பீடு

நீரிணைக்கு அப்பாலும் இதே சோளகம் வீசுகின்றது. 1986ஆம் ஆண்டிற் தூத்துக்குடிக்கு அணித்தான முள்ளக்காட்டில் முன்னோடிக் காற்றாலை எழுந்தபின், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தல் முதலிய இடங்களிற் சுழலிகள் பல்கிப் பெருகின. தமிழகத்தின் காற்றுவலு 10,000 மெகாவாற்றினைக் கடந்துள்ளது. இதற்குக் காரணம் கணவாய்க் காற்று மாத்திரமன்று. 1990களில் இந்திய அரசு முதலாண்டிலேயே முழுப் பெறுமானத்தேய்வினை வருமானவரியிற் கழிக்க அனுமதித்தது. நூற்பாலை உடைமையாளர் தமது காற்றாலையிற் பிறந்த மின்னை மாநில வலைப்பின்னல் வழியே தமது ஆலைக்குக் கொண்டுசெல்லவும், மிகுதியை வலைப்பின்னலில் வைப்புச்செய்து பின்னர் பெறவும் விதிகள் இடமளித்தன. மின்னுக்கு உயர்ந்த கட்டணம் செலுத்திய பிரதேசக் கைத்தொழிலே பிரதேசக் காற்றின் முதலீட்டாளராயிற்று. வடபுலத்திலோ அத்தகைய கைத்தொழில் போரினால் அழிந்திருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயன ஆலையும் இயங்கிய காலத்தில் இத்தொழில்நுட்பம் மலிவாகக் கிடைத்திருப்பின், வரலாறு வேறாயிருந்திருக்கலாம்.

டென்மார்க்கின் வழி வேறு. அங்கு அயலவர் கூட்டுறவாகச் சேர்ந்து சுழலிகளை உடைமையாக்கினர். 2009ஆம் ஆண்டு முதற் சில காலம், புதிய காற்றாலையின் பங்குகளுட் குறைந்தது 20 சதவீதத்தினை அயலவருக்கு விலைக்கு முன்வைக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. சுழலியின் இரைச்சலைக் கேட்பவர் அதன் இலாபத்திலும் பங்குடையவர் என்பதே இதன் தத்துவம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், காற்றின் வளம் தேவையான நிபந்தனையேயன்றிப் போதிய நிபந்தனையன்று என்பது தெளிவாகும். மலிவான மூலதனம், நிலையான விலைவிதி, முன்கூட்டியே அமைந்த மின்வழி, ஒளிவுமறைவற்ற போட்டி, அயல்நாட்டுறவின் சமநிலை, உள்ளூர் மக்களின் இணக்கம் ஆகிய ஆறும் கூடியவிடத்தே வளம் வளர்ச்சியாகின்றது. முதலைந்தும் பெரும்பாலும் தலைநகரிற் தீர்மானிக்கப்படுவன. ஆறாவது பிரதேசத்துக்கே உரியது. அதுவே இதுகாறும் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டது.

இதனை ஈடுசெய்யும் வழிகள் எட்டாதவையல்ல. ஒவ்வோர் அலகு மின்னுக்கும் ஒரு சிறு தொகையை அவ்வூரின் உள்ளூராட்சி மன்றத்துக்கென ஒதுக்குதல், கடற்றொழிலாளர், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பங்குகொள்ள இடமளித்தல், சுழலிகளின் இடத்தைத் தெரியுமுன் வெள்ளவடிகாலும் பறவைப்பாதையும் பற்றிய ஆய்வினை மக்கள் மொழியில் வெளியிடுதல், வலைப்பின்னலோடு இணையாத தீவுகளின் மின்தொகுதிகளை மாகாண நிரலின் உண்மையான பொருளுக்கிணங்க நிருவகித்தல் என்பன அவற்றுட் சில. நீர்மின் யுகத்தில் மலையகம் நாட்டுக்கு ஒளியீந்து தான் இருளிலிருந்தது. காற்றுமின் யுகத்தில் வடபுலமும் அவ்வாறாகாதிருப்பது, சோளகத்தின் வேகத்திலன்று, நாம் இப்போது வகுக்கும் விதிகளிலேயே தங்கியுள்ளது.